தெளிந்த நீரில் இறந்த மீன்கள்

வளவும் வாழ்வும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், தைப்பொங்கலுக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போது நடந்த சம்பவம் இது. சுவர்களுக்கு வெள்ளையடித்தாயிற்று, முற்றம் கூட்டியாயிற்று, வேலியும் புதுக்கிடுகினால் அடைத்தாயிற்று. இனி என்ன மிச்சம் என்று வளவைச் சுற்றி வந்தபோது எமது கண்கள் கிணற்றடித் தொட்டியின்மேல் விழுந்தன. இளம்பச்சை படர்ந்த நீர். சுவரிலே வழுவழுத்த பாசி. அடியிலே கபில நிறமான வண்டல். அதனுள்ளே ஆறு பொன்மீன்கள். அவை எமது பேர்த்தியின் சொத்து. உண்டியலை உடைத்த காசில் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டி, எட்டு மாதங்களாக அவள் அவற்றை வளர்த்து வந்தாள்.

பொங்கலன்று வரும் உறவினர் இந்த அழுக்குத் தொட்டியைக் கண்டால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் எமக்கு உண்டாயிற்று. மீன்களை ஒரு பெரிய வாளியில் விட்டோம். தொட்டி நீரை முழுவதும் இறைத்து, பொச்சினால் சுவரைத் தேய்த்து, வண்டலை அள்ளி எறிந்து, பகல் முழுவதும் வெயிலிற் காயவிட்டு, மாலையிலே கிணற்றுநீரை நிரப்பினோம். கண்ணாடி போன்ற நீர்! அடியிற் போட்ட ஒரு சதக் காசும் தெரிந்தது. மீன்களை விட்டபோது அவற்றின் பொன்னிறம் மாலை வெயிலில் மின்னியதைக் கண்டு நாமே எம்மை மெச்சிக்கொண்டோம்.

பொங்கலன்று வந்த சிறுவர்கள் தொட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு பிடியாகப் பாணும் பொங்கலும் நீரில் விழுந்தன. பட்டிப்பொங்கலன்று விடியற்காலையில் மீன்கள் நீரின் மேற்பரப்பிலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. அடுத்த இரண்டு நாட்களுக்குள் நான்கு மீன்கள் இறந்து மிதந்தன. அவற்றைக் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்த பேர்த்தி அழவில்லை. தொட்டியருகில் நின்று ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்பப்பா, தண்ணி இவ்வளவு வடிவாக் கிடக்குது. பிறகேன் செத்தது?"

மாணவர் பலருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த எமக்கு அன்று விடை தெரியவில்லை. நூல்களைப் புரட்டியும், மீன் வளர்த்துப் பழகியவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதையே இந்தக் கிழமை வாசகர்களுக்குச் சொல்லப் புகுந்தோம். அதன் சாரத்தை ஒரு வாக்கியத்திற் கூறிவிடலாம்: தெளிவு வேறு, சுத்தம் வேறு. மீனுக்கு எது சுத்தம் என்பதை எமது கண் அறியாது. மீன் வளர்க்க விரும்புபவன் முதலில் நீரை வளர்க்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

மீன் உண்ட உணவின் கழிவிற் பெரும்பகுதி அமோனியா என்ற நஞ்சாக மாறி, மீன் வெட்டுவோர் 'பூ' என்று சொல்லும் செவுளின் வழியாகவே நீரிற் கலக்கிறது. எஞ்சிக் கிடந்து அழுகும் உணவும் அதே நஞ்சைத் தருகிறது. ஆறும் குளமும் பரந்தவை. நஞ்சு அங்கே கரைந்து போய்விடும். நான்கு சுவருக்குள் அடைபட்ட மீனோ தன் கழிவிலேயே மூச்சு விடவேண்டியிருக்கிறது.

ஆயினும் எட்டு மாதங்களாக எமது மீன்கள் சுகமாகவே இருந்தனவே, எப்படி? நாம் பொச்சினால் தேய்த்தெறிந்த வழுவழுப்பிலேதான் அந்த இரகசியம் இருந்தது. சுவரிலும் கல்லிலும் வண்டலிலும் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகிறது. நைத்திரைற்றும் நஞ்சுதான்; அது மீனின் இரத்தத்திற் சேர்ந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்து, இரத்தத்தைக் கபில நிறமாக்கிவிடும். வேறொரு வகை பற்றீரியா அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகிறது. நைத்திரேற்று மிகக் கூடினாலன்றி மீனுக்குப் பெருந்தீங்கு செய்யாது. செடிகளுக்கும் பாசிக்கும் அது உணவாகும். விஞ்ஞான வகுப்பில் நைதரசன் வட்டம் என்று மாணவர் கீறிப் படிப்பது, கிணற்றடித் தொட்டியிலே இரவு பகலாக நடந்துகொண்டிருக்கும் இந்த வேலையையும் சேர்த்துத்தான்.

இந்த வேலையாட்கள் ஒரு நாளில் வந்து சேர்வதில்லை. புதிய தொட்டியொன்றில் அவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை செல்லும். நாமோ எட்டு மாதக் குடியிருப்பை ஒரே பகலில் தேய்த்து, வெயிலிற் காயவைத்து அழித்துவிட்டு, அடுத்தடுத்த நாட்களிலேயே வழக்கத்திலும் பல மடங்கு உணவைக் கொட்டவும் இடங்கொடுத்தோம். கழிவு பெருகிற்று, அதை மாற்றுவார் எவருமிலர். நீர் மட்டும் கண்ணாடியாகவே நின்றது. அமோனியாவுக்கு நிறமில்லை என்பதை அப்போது நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரில் இன்னுமொரு சங்கதி உண்டு. எமது நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். அந்நீர் வன்மையானது, காரத்தன்மையும் சற்றுக் கூடியது. பொன்மீனுக்கு வன்னீர் பொதுவாக ஒத்துக்கொள்ளும். ஆனால் அமோனியாவின் கொடுமை நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. வெப்பம் 30 பாகை செல்சியசாகவும் பீ.எச். பெறுமானம் 7 ஆகவும் உள்ள நீரிலே, கலந்திருக்கும் அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே கொடிய நஞ்சின் வடிவத்தில் நிற்கும். பெறுமானம் 8 ஆக உயர்ந்தாலோ, அது நூற்றில் ஏழு பங்குக்கு மேலாகிவிடும். ஆகவே மென்னீர் உள்ள ஊரிலே பொறுத்துக்கொள்ளக்கூடிய தவறு, குடாநாட்டிலே உயிரைக் குடித்துவிடும்.

விடியற்காலையின் தவிப்பு

மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயை மூடித் திறந்ததைக் கூறினோம். பசியினால் அப்படிச் செய்கின்றன என்று எண்ணி அந்நேரத்தில் உணவு போடுவோரும் உண்டு. அது மூச்சுத் திணறல் என்பதை அறிதல் வேண்டும்.

நீர் சூடேறும்போது அதிற் கரையக்கூடிய பிராணவாயு, அதாவது ஒட்சிசன், குறைந்து போகிறது. 20 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம் அளவே தாங்கும். சூட்டிலே மீனின் உடல் வேண்டுவதோ அதிகம். பொன்மீன் குளிர்ந்த நீருக்குரிய பிராணி என்பதையும் நினைவிற் கொள்க. 18 முதல் 24 பாகை வரையுள்ள நீரே அதற்கு உகந்தது. அவ்வகையில் நுவரெலியா, ஹற்றன் முதலிய மலைநாட்டுப் பகுதிகளில் வாழும் வாசகர்கள் பாக்கியசாலிகள். எம்மைப்போன்ற வெப்பநாட்டார் நிழலினாலும் ஆழத்தினாலுமே அக்குறையை ஈடுசெய்யவேண்டும்.

நீர்ச் செடிகளும் பச்சைப் பாசியும் பகலிலே ஒட்சிசனைத் தருகின்றன. இரவிலே மீனைப்போலவே அவையும் அதை உட்கொள்கின்றன. எனவே இரவு முழுவதும் குறைந்து குறைந்து வந்த ஒட்சிசன் விடியற்காலையிலேதான் மிகத் தாழ்ந்து நிற்கும். இளம்பச்சை நீர் நோயின் அறிகுறியன்று. உள்ளங்கையை முழங்கையளவு ஆழத்துக்கு நீரினுள் அமிழ்த்திப் பாருங்கள். விரல்கள் தெரியுமானால் அஞ்சவேண்டியதில்லை. கீரைச்சாறு போலத் தடித்து விரல்கள் மறையுமானால், வெயிலும் உணவும் மிஞ்சிவிட்டன என்பது கருத்து. நிழலைக் கூட்டி, உணவைக் குறைத்து, நீரிற் சிறுபகுதியை மாற்றி வந்தால் பச்சை தானே இறங்கும்.

விடியற்காலையில் மீன் தவிப்பதைக் கண்டால் உடனே செய்யவேண்டியது ஒன்றுண்டு. தொட்டி நீரையே வாளியால் அள்ளி, ஓரடி இரண்டடி உயரத்திலிருந்து மீண்டும் தொட்டிக்குள் ஊற்றுங்கள். நீர் காற்றோடு கலந்து விழும்போது ஒட்சிசன் கரையும். மின்சாரமில்லாத வீட்டிலும் எந்தப் பிள்ளையும் செய்யக்கூடிய முதலுதவி இது.

இடமும் தொட்டியும்

காலை வெயில் இரண்டு மூன்று மணித்தியாலம் பட்டு, மத்தியான வெயில் படாத இடமே நல்லது. வேம்பின் கீழும் முருங்கையின் கீழும் தொட்டி கட்டுவதைத் தவிர்க்கவேண்டும். நிழல் கிடைக்குமாயினும், உதிரும் இலையும் பூவும் நீரில் அழுகும். தொட்டியின் ஒரு பாதிக்கு மேலே கிடுகினாற் பந்தலிடுவது போதும். உள்ளே ஒரு சாடியில் அல்லிக் கிழங்கை நட்டுவிட்டால், இலைகள் விரிந்து மீனுக்கு நிழலும் மறைவிடமும் கொடுக்கும்.

ஆழம் இரண்டடிக்குக் குறையலாகாது. ஆழமற்ற நீர் பகலில் வெந்நீராகிவிடும். எமது தொட்டி நாலடி நீளமும் மூன்றடி அகலமும் இரண்டடி ஆழமும் கொண்டது. அதாவது 24 கன அடி. ஏறக்குறைய 150 கலன் அல்லது 680 லீற்றர் நீர். மீனொன்றுக்கு 75 லீற்றராவது வேண்டும் என்ற கணக்கிலே, இதில் ஒன்பது மீன்களுக்கு மேல் விடலாகாது. கடையிலே விரல் நீளத்தில் இருக்கும் குஞ்சைப் பார்த்து எண்ணிக்கையை முடிவுசெய்தல் பிழை. நல்ல நீரிலே அது ஒரு சாண் நீளம்வரை வளரக்கூடியது.

புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியில் உடனே மீனை விட்டால் மீன் பிழைப்பதரிது. சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரைக் கடுங்காரமாக்கும். தொட்டியை நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, சில நாட்களுக்கொருமுறை நீரை இறைத்து மாற்றுவது பழையோர் கைக்கொண்ட முறை. இவ்வாறு மூன்று நான்கு கிழமைகள் செய்தபின், சுவரைக் கழுவி நிரப்பி, முதலில் இரண்டு மீன்களை மட்டும் விடுக. பழைய தொட்டியுள்ள அயலவரிடம் பாசி பிடித்த கல் இரண்டைக் கேட்டு வாங்கிப் போட்டால், முன் சொன்ன வேலையாட்களை விதைத்ததாகும். அத்தொட்டியில் நோயில்லையென்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளவேண்டும். ஒரு மாதம் கழிந்து, மீன்கள் சுகமாக இருந்தால் மேலும் இரண்டு விடலாம்.

மீன்கொத்தியும் கொக்கும் செந்நிற மீனைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளும். பூனையைச் சொல்லவேண்டியதில்லை. பழைய மீன்வலைத் துண்டொன்றை இறுக்கிக் கட்டினால் போதும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டிலே அந்த வலையை இரும்புக் கம்பிச் சட்டத்தில் அமைப்பது கட்டாயம். இரண்டடி நீர் ஒரு குழந்தைக்கும் ஆபத்தானது என்பதைப் பெற்றோர் மறவாதிருக்கவேண்டும். மாரிகாலத்தில் தொட்டி நிரம்பி வழியும்போது மீன் வெளியே போகாதபடி, விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே ஒரு வழிகுழாய் வைத்து, அதன் வாயையும் கம்பிவலையால் அடைத்தல் நன்று.

நீர் மாற்றும் முறை

முழு நீரையும் ஒருபோதும் மாற்றாதீர்கள். கிழமைக்கொரு தடவை நாலில் ஒரு பங்கை, முடிந்தவரை அடியிலிருந்து, றப்பர்க் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றுங்கள். அந்த நீர் வீண் போவதன்று. வாழைக்கும் கத்தரிக்கும் அதைவிடச் சிறந்த பசளைநீர் வேறில்லை. சுவர்ப் பாசியைத் தேய்க்கவேண்டுமென்றால் பார்க்கும் பக்கத்தை மட்டும் தேய்த்து, மற்ற மூன்று பக்கங்களையும் விட்டுவிடுங்கள். வடிகட்டும் கற்களோ பஞ்சோ வைத்திருப்போர், அவற்றைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும்.

ஆழக் கிணற்றிலிருந்து அப்போது இறைத்த நீரில் ஒட்சிசன் குறைவாயிருக்கலாம். ஆகையால் அதை ஒரு நாள் வாளிகளில் வைத்திருந்தோ, உயரத்திலிருந்து ஊற்றியோ சேர்த்தல் வேண்டும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் தோட்டப் பசளையினால் நைத்திரேற்றுக் கூடியிருப்பது ஆய்வுகளில் அறியப்பட்ட விடயம். அத்தகைய நீரிலே பச்சைப் பாசி விரைந்து வளரும். நீர்ச்செடிகளைக் கூடுதலாக வைப்பது அதற்குப் பரிகாரம்.

கொழும்பு முதலிய நகரங்களிலே குழாய்நீரில் குளோரீன் சேர்க்கப்படுகிறது. எம்மைக் காக்கும் அந்த மருந்து மீனின் செவுளை எரித்து, பற்றீரியாக்களையும் கொல்லும். வாயகன்ற பாத்திரத்தில் ஒன்றிரண்டு நாட்கள் திறந்து வைத்தால் குளோரீன் பெரும்பாலும் வெளியேறிவிடும். அவசரமாயின் மீன்கடைகளில் விற்கும் சோடியம் தயோசல்பேற்றை, அதன் உறையிற் கூறிய அளவுக்குச் சேர்க்கலாம்.

உணவு

பொன்மீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது; அதற்கு எம்மைப்போல் இரைப்பை கிடையாது. உண்டது நேரே குடலுக்குச் செல்லும். அதனால் எப்போது பார்த்தாலும் பசித்தது போலவே எம்மிடம் ஓடிவரும். அந்த ஆவலைக் கண்டு இரங்குபவரே அதனை விரைவிற் கொல்கிறவர். இரண்டு நிமிடத்திற்குள் தின்று முடிக்கக்கூடிய அளவை, நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை கொடுத்தால் தாராளம். கிழமையில் ஒரு நாள் பட்டினி விடுவதனால் தீங்கில்லை. கடையுணவோடு, அவித்துத் தோல் நீக்கிய பட்டாணியும் அவித்த கீரையும் இடையிடையே கொடுக்கலாம். பாண், சோறு, முறுக்கு முதலியன வேண்டாம். 'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்று எமது முன்னோர் சொன்னதற்குப் பொங்கலன்று எமது தொட்டி சாட்சியாயிற்று.

நுளம்புக் குடம்பிகளைப் பொன்மீன் விரும்பி உண்ணும். வீட்டிலே நுளம்பு பெருக இடமளிப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமாகும். மீனுள்ள தொட்டியில் அந்த அச்சம் குறைவு. ஆனால் தொட்டியருகே கிடக்கும் சிரட்டையும், உணவு வந்த வெறும் பேணியும், அல்லி வைத்த சாடியின் மிச்ச நீரும் டெங்கு நுளம்புக்குப் போதுமானவை. மீன் வளர்ப்பவரது வளவு அயலவரின் வளவைவிடச் சுத்தமாக இருத்தல் வேண்டும்.

நோய் வந்தால்

செட்டையை மடித்துக்கொண்டு மூலையில் ஒதுங்குதல், சுவரில் உடலை உரசுதல், உண்ணாமை ஆகியவை முதல் அடையாளங்கள். இவற்றைக் கண்டவுடன் மருந்தைத் தேடி ஓடாதீர்கள். முதலில் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றி, உணவை நிறுத்திப் பாருங்கள். நோய்களிற் பெரும்பாலானவை நீரின் குறையால் வருபவை; நீர் திருந்தினால் அவையும் தணியும்.

தனிமீன் ஒன்று நலிந்திருந்தால் அதை வேறு பாத்திரத்தில் விட்டு, 10 லீற்றருக்கு 30 கிராம் வீதம் கல்லுப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். நாள்தோறும் அரைவாசி நீரை அதே அளவு உப்புக் கரைத்த புதுநீரால் மாற்றவேண்டும். பெருந்தொட்டியில் உப்பிட்டால் செடிகள் கருகும். உடலிலிருந்து பச்சை கலந்த வெண்ணூல் போல ஏதேனும் தொங்கினால், அது புழுப்போலத் தோன்றினும், இறாலுக்குத் தூரத்து உறவான ஓர் ஒட்டுண்ணி. மீனை ஈரத்துணியிற் பிடித்து, நூல் தோலோடு சேருமிடத்திலே சாமணத்தாற் பற்றி மெதுவாக இழுத்தெடுக்கவேண்டும். அதன் குஞ்சுகள் நீரில் நீந்தித் திரியுமாதலால், சில கிழமைகளுக்கு ஏனைய மீன்களையும் கவனித்து வருக. புதிதாக வாங்கிய மீனை மூன்று கிழமை வேறாக வைத்திருந்து பின்னர் சேர்ப்போருக்கு இத்தொல்லைகளிற் பாதி இல்லை.

குளத்தில் விடாதீர்கள்

வளர்க்க இயலாமற் போனவர்கள் புண்ணியமென்று எண்ணி மீனைக் குளத்திலும் கேணியிலும் விட்டுவிடுவதுண்டு. அது புண்ணியமன்று. ஊதாப் பூவின் அழகுக்காக 1905 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நீர்நிலைகளை மூடிப் பெருகியதனால், 1909 இல் அதைத் தடுப்பதற்கென்றே சட்டம் இயற்ற நேர்ந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பேர்ன்ஸ்வில் என்ற நகரத்து ஏரியிலே, வீட்டார் விட்ட பொன்மீன்கள் பெரிதாகி அடிமண்ணைக் கிளறி நீரைக் கெடுத்ததனால், 2021 இல் அந்நகர நிர்வாகம் மக்களை எச்சரிக்கவேண்டியதாயிற்று. வேண்டாத மீனை வேண்டுபவருக்குக் கொடுங்கள். ஊர்க் குளத்துக்குக் கொடாதீர்கள்.

ஆயிரம் ஆண்டுத் தோழமை

பொன்மீன் இயற்கையிலே பொன்னிறமானதன்று. மங்கிய நிறமுள்ள சீனத்து மீன்களுக்கிடையே அருமையாகத் தோன்றிய செம்பொன்னிறக் குஞ்சுகளைத் தெரிந்தெடுத்து, சுங் அரசர் காலத்தில் (960–1279) குளங்களில் வளர்க்கத் தொடங்கினார்கள். 1596 இல் சீன மொழியிலே பொன்மீனுக்கென்றே தனிநூல் எழுதப்பட்டது. எமது தொட்டியிற் பொரிக்கும் குஞ்சுகளும் முதலிலே மண்ணிறமாகவே இருக்கும். மாதங்கள் சென்றபின்தான் பொன்னிறம் ஏறும். சில மாறாமலே நின்றுவிடுவதும் உண்டு. தம் மூதாதையரின் நிறத்தை அவை இன்னும் மறக்கவில்லை போலும்!

'ஐந்தாறு நாள் இருந்து சாகிற மீன்தானே' என்று பலர் அலட்சியமாகச் சொல்வார்கள். இங்கிலாந்திலே 1956 இல் ஒரு கேளிக்கைச் சந்தையிற் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற பொன்மீன் 1999 வரை, 43 ஆண்டுகள் வாழ்ந்தது. நன்றாகப் பேணினால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்வது அரிதன்று. ஐந்தாறு நாளில் இறக்கும் மீன் அதன் ஆயுள் முடிந்து இறப்பதில்லை. எமது அறியாமையினால் இறக்கிறது.

எமது தொட்டியில் எஞ்சிய இரண்டு மீன்களுக்கும் உணவை நிறுத்தினோம். நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினோம். அயல்வீட்டுப் பழந்தொட்டியிலிருந்து பாசிக் கற்கள் சிலவற்றைக் கொண்டுவந்து போட்டோம். ஒன்றரை மாதம் கழிந்து சுவரிலே மீண்டும் வழுவழுப்புத் தட்டியபோது, அதைத் தடவிப் பார்த்துப் பேர்த்தி மகிழ்ந்தாள். ஒரு காலத்தில் அழுக்கு என்று நாம் அருவருத்தது அவளுக்கு அன்று உயிராகத் தோன்றிற்று. இப்போது தொட்டியில் ஏழு மீன்கள் இருக்கின்றன. பழைய இரண்டும் அவற்றுள் அடக்கம். நீர் மாற்றிய நாள், மாற்றிய அளவு, கொடுத்த உணவு ஆகிய எல்லாவற்றையும் அவள் ஒரு கொப்பியிற் குறித்து வைக்கிறாள்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் முன்னால் வீடு வெள்ளையடிக்கும் நாளிலே அவள் வந்து தொட்டிக் கட்டின்மேல் அமர்ந்துகொள்வாள். துடைப்பமும் பொச்சும் கொண்டு அப்பக்கம் போவோரைத் திருப்பி அனுப்புவதே அவளது வேலை. முதலில் அனுப்பப்படுகிறவர் நாமேதான்.